யாரையும் கேட்காமல் ஐந்து வேலை

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நான் இப்ப இந்த வீட்டில இல்ல. தொடங்குங்க," என்றார் அபூதாஹிர்.

நஸ்ரியாவுக்கு எரிச்சலாக வந்தது. குசினியில் கஞ்சி பாதி வெந்து கிடக்கிறது. நேற்றுத் தோய்த்த துணி இன்னும் வாளிக்குள்ளேயே இருக்கிறது. இந்த மனுஷனுக்கோ காலை எட்டு மணிக்குப் பரீட்சை வைக்க வேண்டும். ஆனால் ஒரு வாரமாக அவருடைய கால்கள் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு வந்தது. அந்த நிலையிலும் கழுத்தைச் சிரமப்பட்டுத் திருப்பி வைத்திருக்கிறவரோடு என்னவென்று சண்டை பிடிப்பது? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பரீட்சையில் மொத்தம் ஐந்து வேலை. பழைய லெப்டொப்பைத் திறந்து எழுப்ப வேண்டும். பழைய வினாத்தாள் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். அதில் பத்து வரி புதிதாக அடித்து வேறு பெயரில் சேமிக்க வேண்டும். பிரிண்டரில் ஒரு தாள் எடுக்க வேண்டும். கடைசியாக அதைக் கடையின் ஈமெயிலுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு கேள்வி, ஒரேயொரு கேள்வி அவரிடம் கேட்டாலும் அன்றைய பரீட்சை தோல்வி. நாளைக்கு முதலிலிருந்து.

பத்து வரி அடிப்பது நஸ்ரியாவுக்கு ஒரு வேலையே இல்லை. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸெய்னுதீனின் போட்டோக்கொப்பிக் கடையில் பதினேழு வருடமாக அவள்தான் தட்டச்சு. தவணைப் பரீட்சை நெருங்கினால் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பாதியின் வினாத்தாள்கள் அவளுடைய விரல் வழியாகத்தான் போய்வரும். கோழி கிளறிய மாதிரி எழுதுகிற டீச்சர்மாரின் எழுத்தையும் அவள் தடங்கலில்லாமல் வாசிப்பாள். போட்டோக்கொப்பி மெஷின் இரண்டு நாள் நின்றாலும் ஸெய்னுதீன் தாங்கிக்கொள்வார், நஸ்ரியா ஒரு நாள் நின்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று கடைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பிள்ளை குட்டி இல்லாத நஸ்ரியாவுக்கு அந்தக் கடையில் ஜன்னலோரம் கிடக்கிற கதிரைதான் ஊருக்குள் அவளுடைய இடம். அதில் உட்கார்ந்தால் அவள் அபூதாஹிரின் மனிசி என்பதோடு நிற்காமல், நஸ்ரியா என்றே ஒரு ஆளாக இருப்பாள்.

ஒரே ஒரு குறை. எழுத்துகள் மட்டும்தான் அவளுடையவை. கணினி என்கிற மற்றப் பகுதி முழுவதும் ஸெய்னுதீனுடையது. திரையில் புதிதாக ஒரு பெட்டி முளைத்தால் போதும், கையை மடியில் வைத்துக்கொண்டு "காக்கா, இஞ்ச என்னவோ வந்திரிக்கு" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து தட்டிவிட்டுப் போவார். பதினேழு வருடமாக இப்படித்தான் நடந்தது.

லெப்டொப்பும் அந்தக் கடையில் இருந்து வந்ததுதான். பத்து வருடத்துப் பழசு. இனி வருகிற விண்டோஸ் இதில் ஏறாது என்று ஸெய்னுதீன் அதை மூலையில் போட்டு, மேலே தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் அபூதாஹிர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு பக்கத்துப் பிணைச்சல் உடைந்து போயிருந்தது, திறந்தால் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு நிற்கும். படுக்கையில் இருந்தபடியே ஒரு தகரத் துண்டும் இரண்டு திருகாணியும் போட்டு அதை நிமிர்த்திவிட்டார்.

அபூதாஹிருக்கு அது கைவந்த வேலை. உட்துறைமுகத்துக் கரையில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஜி.பி.எஸ்ஸும் வோக்கி செட்டும் பொருத்திக் கொடுப்பதுதான் முப்பது வருடமாக அவருடைய தொழில். தூரத்து இலங்கைத்துறையில் இருந்துகூட ஆட்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நோன்பு முடிந்த கையோடு ஒரு நாள் வள்ளத்துக்குள் ஏறியவர் இறங்க முடியாமல் அப்படியே குந்திவிட்டார். இதயம் பெலவீனம், இனிக் கடற்கரைப் பக்கம் போகவேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்று டொக்டர் சொன்னார். அவர் நஸ்ரியாவிடம் சொல்லாமல் அபூதாஹிரிடம் மட்டும் வேறு எதையும் சொன்னாரா என்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு டொக்டரின் அறைக்குள் இருந்து அபூதாஹிர் வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது என்பது மட்டும் ஞாபகம்.

அதற்குப் பிறகுதான் இந்த லினக்ஸ் பைத்தியம் பிடித்தது. அதுவும் விண்டோஸ் மாதிரி கணினியை ஓட்டுகிற ஒன்றுதான், ஆனால் காசு கொடுக்கத் தேவையில்லை, பழைய மெஷினிலும் ஓடும் என்றார். அதில் நூறு வகை இருக்கிறதாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் எடுக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறார்களாம். "முகம் தெரியாத ஆக்களா?" என்று நஸ்ரியா கேட்டாள். "ஓம். தொழுதிட்டு அவங்களுக்கும் சேத்து ஒரு துஆ கேட்டுவிடுங்க," என்றார் அவர்.

ஒவ்வொன்றின் பெயரையும் துண்டில் எழுதிக் கொடுப்பார். வீட்டுப் போனின் இணையம் ஈமெயிலுக்குத்தான் காணும் என்பதால், அதைக் கடையில் ஸெய்னுதீனைக் கொண்டு இறக்கிப் பென்டிரைவில் ஏற்றுவித்துக்கொண்டு வருவது நஸ்ரியாவின் வேலை. வீட்டிலேயே கடை திறக்கப் போகிறீர்களா என்று ஸெய்னுதீன் சந்தேகத்தோடு கேட்டார். லெப்டொப்பில் எதையும் அழிக்காமல், பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது அபூதாஹிருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நிக்காஹ் முடிக்க முன்னம் பெண் பார்க்கிற மாதிரி என்று சொல்லிச் சிரித்தார்.

பார்த்த முதல் பெண் மெலிவானவள், நல்ல வேகம். ஆனால் எந்தச் சாமான் எந்த அலுமாரிக்குள் இருக்கிறது என்று நஸ்ரியாவால் கண்டுபிடிக்க ஏலவில்லை. இரண்டாவது நல்ல வடிவு. வடிவின் பாரம் தாங்காமல் கிழட்டு லெப்டொப் இரைந்து சூடேறியது. ஒவ்வொரு முறையும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், நஸ்ரியா தடுமாறுவாள், கடைசியில் கேட்டேவிடுவாள். அவர் திரும்பி, எந்த இடத்தில் தடுமாறினாள் என்று விசாரித்துக் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

"எனக்கு மூளை காணாது, விடுங்க," என்று ஒரு நாள் அவள் எழும்பிவிட்டாள்.

"பிழை உங்களில இல்ல, இதிலதான்," என்றார் அபூதாஹிர். "வள்ளத்துக்கு செட் பூட்டக்கொள்ளயும் இதைத்தான் பாக்கிறனான். நித்திரை தூங்குறவன், கை நனைஞ்சவன், அவனுக்கும் விளங்கோணும். கடலுக்குள்ள போனாப்பிறகு மெக்கானிக் நீந்தி வரமாட்டான்."

பதினேழு வருடத்தில் கணினிக்கு முன்னால் வைத்து யாரும் அவளுக்குப் பிழை உன்னில் இல்லை என்று சொன்னதில்லை. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

மூன்றாவதாக வந்தது மின்ட் என்கிற லினக்ஸ். அதில் எல்லாவற்றுக்கும் வாசல் இடது பக்கத்துக் கீழ் மூலையில், அவளுடைய கை தானாகப் போகிற இடத்தில் இருந்தது. வயரைச் செருகியதும் பிரிண்டரைத் தானே அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் கடையில் இருந்து கொண்டுவந்த பதினேழு வருடத்து வினாத்தாள்களைத் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றையும் காணவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாவற்றையும் அழித்துப்போட்டீர்களே என்று நஸ்ரியா அழத் தொடங்கிவிட்டாள். அபூதாஹிர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அவள் அடித்ததெல்லாம் பாமினி எழுத்துரு, அது இந்த மெஷினுக்கு இன்னும் அறிமுகம் இல்லை, அவ்வளவுதான். பென்டிரைவில் இருந்து அதைக் கொண்டுவந்து போட்டதும் ஒரு நொடியில் குப்பை முழுவதும் தமிழாகிவிட்டது. அதன் பிறகுதான் அவர் லெப்டொப்பில் மின்ட்டை நிரந்தரமாக ஏற்றினார். அந்த எழுத்துருவை மறுபடி போடும் விதத்தையும் அவளுடைய கையாலேயே நாலு தரம் செய்வித்தார்.

இன்றைக்கு அவள் தடுமாறவில்லை. நாலாவது வேலைக்கு வந்து அச்சுக் கொடுத்தபோது திரையின் மேல் மூலையில் ஒரு பெட்டி முளைத்தது. வாய் திறக்கப் போனவள், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தலையின் பின்பக்கத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். பெட்டியை அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தாள். பிரிண்டரில் தாள் இல்லை என்று சொல்லியிருந்தது. அவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு தாளை வைத்தாள், அச்சு வந்தது. ஐந்தாவது வேலையும் முடிந்ததும் அச்சடித்த தாளைக் கொண்டுபோய் அவருடைய நெஞ்சின் மேல் வைத்தாள்.

அபூதாஹிர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஏதோ நிக்காஹ் பதிவைச் சரிபார்க்கிறவர் மாதிரி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆரையும் கேட்டீங்களா?"

"ஆரைக் கேக்க? நீங்கதான் வீட்டில இல்லையே."

அவர் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ். இது போதும் நஸ்ரியா," என்றார். களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் கண் அயர்கிறேன், கஞ்சியைப் பிறகு கொண்டுவாருங்கள் என்றார்.

அவள் குசினிக்குப் போய்க் கஞ்சியை இறக்கி, துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தாள். வாசலில் வரும்போதே மூச்சின் சத்தம் மாறியிருந்தது. ஓடிப்போய்த் தலையைத் தூக்கிப் பிடித்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தபடியே கரண்டியால் தண்ணீர் ஊட்டினாள், காதுக்குள் கலிமாவைச் சொன்னாள். அவருடைய உதடு அதன் பின்னால் அசைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் இரண்டாவது கரண்டியில் உள்ளே போகாமல் கடைவாயால் வழிந்தது. அப்போது மணி பத்தரை. அச்சடித்த தாள் அவருடைய கைக்குள் கசங்காமல் இருந்தது.

அதற்குப் பிறகு நேரம் அவளுடையதாக இருக்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். அரை மணித்தியாலத்துக்குள் வீடு நிறைந்தது. குறிஞ்சாக்கேணியில் இருந்து அபூதாஹிரின் அக்கா பரீதா ராத்தா ஓட்டோவில் வந்து இறங்கினாள். தம்பியின் முகத்தைத் தடவினாள். பிறகு சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு வேலைகளைக் கையில் எடுத்தாள். எந்தச் சாவு வீட்டிலும் பரீதாதான் முன்னுக்கு நிற்பாள். கபன் துணி எத்தனை முழம், கற்பூரம் யார் வாங்கிவருவது, குளிப்பாட்ட எந்தப் பக்கம் மறைப்புக் கட்டுவது என்று அவள் சொல்லச் சொல்ல ஆண்கள் ஓடினார்கள்.

குளிப்பாட்டிக் கபனிட்டு முகம் பார்க்க வைத்தபோது நஸ்ரியாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அபூதாஹிரின் நெற்றி எப்போதும் எதையாவது யோசித்துச் சுருங்கியிருக்கும். அது இப்போது நன்றாக விரிந்திருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்கு அவரை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். கடற்கரையில் இருந்து வந்த வள்ளக்காரர்கள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஒழுங்கை முனையில் அவர்கள் திரும்பும் வரைக்கும் அவளுக்குக் கேட்டது காலடிச் சத்தம் மட்டும்தான்.

ஆண்கள் போனதும் பரீதா அவளை உள்ளறையில் கொண்டுபோய் இருத்தினாள். வெள்ளை உடுப்புக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமான குரலில், புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவின் ஒழுங்குகளைச் சொல்லத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும். வாசல் தாண்டக்கூடாது. உன் கூடப்பிறந்தவர்கள் வரலாம், அவர்களின் பிள்ளைகள் வரலாம். மற்ற ஆண்கள் யாரும் உன் முன்னால் வரக்கூடாது, பக்கத்து வீட்டாரும் சரி, கடைக்காரர் ஸெய்னுதீனும் சரி.

"பழுது கிழுது எண்டு ஆம்பிளையளைக் கூப்பிடுற கதையும் இல்ல. அது பழுதாப் போனா அப்பிடியே கிடக்கட்டும்," என்றாள் பரீதா.

நஸ்ரியா தலையாட்டிக்கொண்டே இருந்தவள், அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள். கடலுக்குள் போன பிறகு மெக்கானிக் நீந்தி வரமாட்டான். அந்தப் பரீட்சையெல்லாம் இதற்காகத்தானா? அப்படியும் இருக்குமா? கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் பூட்டுகிற மனுஷன், பொழுது போகாமல் செய்ததாகவும் இருக்கலாம். தனக்காக என்று எண்ணிக்கொள்வது தன்னுடைய ஆசையாக இருக்கலாம். ஆனாலும் அன்று காலையில் இருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. நாலு மாதம் அடைபட்டுக் கிடக்கப் போவதை நினைத்து அழுகிறாள் என்று எண்ணிப் பெண்கள் அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஸெய்னுதீனின் மனைவி வந்தாள். நல்ல மனுஷி, நிறையத் துக்கப்பட்டாள். எழும்பிப் போகும்போது, கதிரை சும்மா கிடக்க ஏலாதுதானே, தவணைப் பரீட்சைக் காலம் வேறு, ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கிறோம், இத்தா முடிந்து வாருங்கள், அப்போது பார்ப்போம் என்று சொன்னாள். அப்போது பார்ப்போம் என்பது என்ன மாதிரியான சொல் என்று நஸ்ரியாவுக்குத் தெரியும். புருஷன் போய்விட்டார், அது அல்லாஹ்வின் நாட்டம். கதிரையும் போனால் அவளிடம் மிச்சம் என்ன? வந்தவள் கதவைத் தாண்டும் வரைக்கும் பார்த்துவிட்டு, துணி போர்த்தியிருந்த லெப்டொப்பைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம், ஓதி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு ரிஸ்னா டீச்சர் போகாமல் நின்றாள். ஒன்பதாம் ஆண்டுக்கு வரலாறு படிப்பிக்கிறவள், பத்து வருடமாக நஸ்ரியாவிடமே வினாத்தாள் கொடுக்கிறவள். கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் விஷயத்தைச் சொன்னாள். கடையில் புதிதாக வந்திருக்கிற பிள்ளையிடம் தாளைக் கொடுத்தாளாம். அவளுடைய எழுத்தை அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை, வரலாற்றையே மாற்றி அடித்துவிட்டது. திங்கட்கிழமை தாள் பாடசாலையில் இருக்க வேண்டும். உங்களிடம் லெப்டொப் இருக்கிறது என்று அபூதாஹிர் காக்கா ஒருமுறை போனில் சொன்னாரே, கேட்பது பிழையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

நஸ்ரியா வாயைத் திறக்க முன்னம் பரீதா குறுக்கே வந்தாள்.

"டீச்சர், என்ட தம்பியை அடக்கி மூண்டு நாள். மண் இன்னும் காயல்ல. இந்த வீட்டில இருந்து டைப் சத்தம் கேட்டா ஊர் என்ன கதைக்கும்?"

ரிஸ்னா டீச்சர் முகம் சிவந்து பையை மூடினாள். நஸ்ரியாவுக்கு மதினியின் மேல் கோபம் வரவில்லை. பரீதாவின் கண்ணின் கீழே மூன்று நாளாகத் தூங்காத கருப்பு இருந்தது. ஆனாலும் இப்போது பேசாவிட்டால் இனி எப்போதுமே பேச முடியாது என்று தோன்றியது.

"மதினி, மார்க்கத்தில ஹறாம் எண்டா நான் செய்ய மாட்டன். ஒருக்கா மௌலவிட்டக் கேட்டுப் பாருங்களன்," என்றாள்.

பரீதா உடனே சம்மதித்தாள். மௌலவி தன் பக்கம்தான் நிற்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். கேள்வியையும் தன் பக்கம் சாய்த்தே கேட்டாள். மௌலவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள இருந்து செய்யிற வேலைக்குத் தடை இல்ல, ராத்தா," என்றார். "இதைப் போன மாசமே அபூதாஹிர் காக்கா எனக்குப் போன் எடுத்துக் கேட்டவர்."

பரீதா போனைப் பார்த்தாள். "அவன் என்னத்தைக் கேட்டவன்?"

"நான் மௌத்தானா என்ட மனிசி இத்தாவில இருந்துகொண்டு டைப் பண்ணலாமா எண்டு கேட்டவர். ஆகும் எண்டன். ஆனா மெஷின் பழுதானா ஆரும் பக்கத்தில வந்து இருந்து திருத்த வேண்டி வருமே, அது சரிவராதே எண்டும் சொன்னன்." மௌலவி கொஞ்சம் நிறுத்தினார். "அதைத்தான் தேடிக்கொண்டிரிக்கன் எண்டார். அவவே தனியச் சமாளிக்கிற மாதிரி ஒண்டு வேணும், ரெண்டு பாத்திட்டன், ரெண்டும் சரியில்ல, இன்னும் ஒண்டு இருக்காம், அது வரைக்கும் எனக்கு ஆயுள் கேளுங்க ஹஸ்ரத் எண்டு சொன்னவர். நான் துஆ கேட்டனான்."

மௌலவி ஸலாம் சொல்லிப் போனை வைத்த பிறகும் அது மேசையில் வெளிச்சமாகக் கிடந்து, தானே அணைந்தது.

நஸ்ரியாவுக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. டொக்டரின் அறைக்குள் அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம். கொப்பி. நாலு தரம் செய்வித்த எழுத்துரு. தன் சாவுக்கு நாள் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிந்திய நாலு மாதமும் பத்து நாளும் இவள் கை நீட்டுகிற இடத்தில் எல்லாம் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவளோ கஞ்சி பாதியில் கிடக்கிறது என்று மனதுக்குள் எரிந்து விழுந்திருக்கிறாள். அந்த வெட்கத்துக்கும் மேலால் ஒரு நன்றி நெஞ்சை நிறைத்துக்கொண்டு வந்தது. யா அல்லாஹ், இப்படி ஒரு மனுஷனை எனக்கு இருபத்திரண்டு வருடம் தந்திருந்தாயே என்று நினைத்தாள். முகம் தெரியாத அந்த ஆட்களும் அப்போது நினைவுக்கு வந்தார்கள். எந்த நாடோ, எந்த மதமோ. அவர்கள் கை நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

பரீதா எழும்பிக் குசினிக்குப் போனாள். பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. ரிஸ்னா டீச்சரிடம் கையை நீட்டி, தாள்களைத் தரச் சொன்னாள். நாளைக்குப் பகலில் ஈமெயிலில் வரும், நீங்கள் போய்வாருங்கள் என்று அனுப்பி வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் நஸ்ரியா துணியை விலக்கி லெப்டொப்பைத் திறந்தாள். திரை எழும்பியது. கீழே ஒரு ஓரத்தில், இதுவரை கண்டிராத ஒரு சின்ன அடையாளம் ஆரஞ்சுப் புள்ளியோடு நின்றது. கூப்பிட ஆள் இல்லை. அம்பை அதன் மேல் கொண்டுபோய் வைத்தாள். புதிய திருத்தங்கள் வந்திருக்கின்றன, விரும்பினால் போடலாம், பிறகும் போடலாம் என்று இருந்தது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று நினைத்தாள். பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டு, இடது மூலைக்குப் போனாள்.

பரீதா ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிஸ்னா டீச்சரின் தாள்களை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீ தாளையும் பாத்து அதையும் பாத்துக் கண்ணைக் கெடுக்காத. நான் வாசிக்கிறன், நீ அடி," என்றாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் பரீதா. விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்தி, டீச்சரின் கிறுக்கல் எழுத்தோடு மல்லுக்கட்டி மெதுவாகத்தான் வாசித்தாள். பாடசாலையின் பெயர். ஆண்டு ஒன்பது. நேரம் இரண்டு மணித்தியாலம். முதலாம் கேள்வி, இரண்டாம் கேள்வி. நஸ்ரியாவின் விரல்கள் ஓடிப்போய்க் காத்திருந்தன.

"மூண்டு," என்றாள் பரீதா. "திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் எந்தக் காலநிலையிலும் பாதுகாப்பாகத் தங்கி நிற்கக் கூடியதாக இருப்பதற்கான காரணங்கள் இரண்டு தருக."

பாதி வரியில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அபூதாஹிர் முப்பது வருடம் வள்ளங்களுக்கு செட் பூட்டிய துறைமுகம். கண் நிறைந்து நஸ்ரியாவுக்குத் திரை தெரியவில்லை. கையை எடுத்து முகத்தைத் துடைக்கவும் ஏலாமல், விரல்களை எழுத்துகளின் மேலேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பரீதா தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், மூன்றாம் கேள்வியை முதலில் இருந்து, இன்னும் மெதுவாக மறுபடி வாசித்தாள்.